மார்பில் பால் கசிவதும் அதற்கு வைக்கும் துணியும்



கிளினிக்குக்கு வந்தால் பிள்ளையின் நிறை, ஊசி, திரிபோஷ என்று எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். ஒன்றை மட்டும் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. பால் கொடுக்கிற தாயின் மார்பில் பால் தானாகக் கசிந்து சட்டை நனைகிறதே, அதைத்தான் சொல்கிறேன். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. ஆண்களும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக வேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

நான் முன்பு வேலை செய்த தோட்டத்தில் ஒரு தாய் பேறுகால லீவு முடிந்து மலைக்குத் திரும்பினார். ஒரு கிழமை போவதற்குள் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார். லயத்துக்குப் போய் விசாரித்தேன். முதலில் தலைவலி என்றார். மாமியார் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போன பிறகுதான் உண்மை வந்தது. காலை நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது சட்டையின் முன்பக்கம் நனைந்துபோய் இருந்ததாம். பின்னால் நின்ற பொடியன்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்களாம். "வெக்கமாப் போச்சுங்க மிஸ்" என்றார். அன்று அந்தியிலேயே பால் வற்றட்டும் என்று மார்பைச் சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். பிள்ளைக்குக் கடையில் பால்மா வாங்கிக் கரைத்துக் கொடுத்திருக்கிறார். நான் போன அன்று அவருக்கு நெருப்பாய்க் காய்ச்சல். ஒரு பக்க மார்பு சிவந்து, கல்லுப்போல இறுகி, தொட விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மருந்து எடுத்து, பிள்ளையைத் திரும்பவும் மார்புக்குப் பழக்கி எடுக்க இரண்டு கிழமைக்கு மேல் பிடித்தது.

ஒரு முழம் பழைய துணியும் அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஒரு ஆளும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பால் ஏன் தானாக வருகிறது?

பிள்ளை வாய் வைத்துச் சூப்பத் தொடங்கியதும் தாயின் மூளையில் இருந்து ஒக்சிடோசின் என்ற ஒரு சுரப்பு இரத்தத்தில் சேருகிறது. மார்புக்குள் பால் ஊறும் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள மெல்லிய தசைகளை இந்தச் சுரப்பு சுருங்க வைக்கிறது. அப்போது பால் குழாய் வழியாகக் காம்புக்கு இறங்குகிறது. இரண்டு மார்புக்கும் ஓடுவது ஒரே இரத்தம்தானே? ஆகவே ஒரு பக்கம் பிள்ளை குடிக்கும்போது மற்றப் பக்கமும் சொட்டும்.

இதற்குப் பிள்ளை வாய் வைக்கத்தான் வேண்டும் என்றில்லை. பிள்ளையின் சத்தம் கேட்டாலே பால் இறங்கும், நினைத்தாலும் இறங்கும். சில தாய்மாருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதாலும் இறங்கிவிடும். மலையில் நிற்கிற தாய் பிள்ளை மடுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தவுடன் சட்டை நனைகிறது என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

பிள்ளை பிறந்த முதல் கிழமைகளில்தான் கசிவு அதிகம். பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்று மார்பு பழகிக்கொள்ள ஆறு முதல் பத்துக் கிழமை வரை ஆகலாம். அதன் பிறகு பலருக்குக் கசிவு குறைந்துவிடும். எங்கள் தோட்டங்களில் ஒரு சங்கடம் என்னவென்றால், இப்படிப் பழகி வருகிற நேரத்தில்தான் 84 நாள் லீவும் முடிகிறது. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குடித்த பிள்ளையைக் காலையில் மடுவத்தில் விட்டுவிட்டு மலை ஏறுகிறீர்கள். மார்புக்கு அது தெரியாது. வழக்கமான நேரம் வந்ததும் பால் கட்டுகிறது, கசிகிறது. வீட்டில் இருந்தபோது நின்றிருந்த கசிவு மறுபடி ஆரம்பிப்பது இதனால்தான்.

"மிஸ், பால் இப்படி வீணாப் போகுதே, புள்ளைக்குப் பத்தாமப் போயிடாதா?" என்று கேட்பார்கள். போகாது. பிள்ளை குடிக்கக் குடிக்க ஊறும். அதேபோல, கசிவே இல்லாத தாய் தனக்குப் பால் இல்லை என்று பயப்படவும் வேண்டாம். சிலருக்கு ஒரு சொட்டும் கசியாது, பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும்.

இன்னொரு பேச்சும் லயங்களில் இருக்கிறது. மழையில் நனைந்த தாயின் பால் குளிர்ந்த பால், அதைக் கொடுத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். பெரியவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் பால் தாயின் உடம்புச் சூட்டில்தான் வருகிறது. சட்டை நனைந்தாலும், மலையில் பனி கொட்டினாலும் உள்ளே இருக்கும் பால் குளிர்வதில்லை, கெடுவதும் இல்லை. நனைந்த சட்டையை மாற்றி, மார்பைத் துடைத்துவிட்டுத் தாராளமாகக் கொடுங்கள். முதல் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுக் கொடுக்கவும் தேவையில்லை.

எந்தத் துணி நல்லது?

பேட் என்றதும் மாதத்துக்குப் பாவிக்கும் பேட்தான் நினைவுக்கு வரும். இது வேறு. மார்பில், காம்புக்கு மேலே, சட்டைக்கோ பொடிசுக்கோ உள்ளே வைக்கும் வட்டமான துணி. டவுனில் பார்மசியில் கேட்டால் பிரெஸ்ட் பேட் என்று தருவார்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று ஒரு தடவை பாவித்துவிட்டு எறிவது. மற்றது துவைத்துத் துவைத்துப் பாவிப்பது.

எறிகிற பேட்டை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பயணம் போகிற நாளுக்கு, ஆஸ்பத்திரியில் நிற்கிற நாளுக்கு வசதியானதுதான். ஆனால் ஒரு நாளைக்கு நாலைந்து சோடி வேண்டிவரும். காசுக்குப் பயந்து ஒன்றையே காலை முதல் அந்தி வரை வைத்திருப்பார்கள். அதைவிடத் துணியே மேல். வாங்குவதானால் வாசனை போட்டதை வாங்காதீர்கள். பின்பக்கம் முழுவதும் தடித்த பிளாஸ்டிக் உள்ளதையும் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் வெளியே ஈரத்தை விடாது, அது சரி. ஆனால் ஈரம் முழுக்க உள்ளே தோலோடு நிற்கும். காற்றுப் படாமல் ஊறிப்போன காம்பு சீக்கிரம் வெடிக்கும். பாவித்த பேட்டைக் கக்கூசுக் குழியில் போடவோ அடுப்பில் எரிக்கவோ கூடாது. குப்பை சேர்க்கிற இடத்தில் சுற்றிப் போடுங்கள்.

மாதத்துக்குப் பாவிக்கும் பேட்டை இரண்டாக வெட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவசரத்துக்கு ஒரு நாள் சரி. தினமும் வேண்டாம், அதிலும் பிளாஸ்டிக் இருக்கிறது. வெறும் பஞ்சு வைக்காதீர்கள், நூல் நூலாகக் காம்பில் ஒட்டும். டிசு கடதாசியும் அப்படித்தான், கரைந்து ஒட்டிக்கொள்ளும். நைலக்ஸ் சேலைத் துண்டு மினுமினுப்பாக, மெதுவாக இருக்கிறது என்று வைப்பார்கள். அது பாலை இழுக்காது, வழிய விட்டுவிடும்.

என்னைக் கேட்டால் எங்கள் வீடுகளுக்கு ஏற்றது கையால் தைத்த பருத்தித் துணிதான். செலவு இல்லை. பலமுறை துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போன பழைய வேட்டி, பருத்திச் சேலை, பிள்ளையின் நெப்பித் துணி எதுவும் ஆகும்.

தைக்கும் விதம்

புதுத் துணியானால் முதலில் ஒரு தடவை துவைத்துக் காய வையுங்கள். கஞ்சிப் பசை போகும், பிறகு சுருங்கவும் மாட்டாது. குறுக்காக 12 சென்ரிமீற்றர் அளவில் வட்டம் கீற வேண்டும். மார்பு பெரிதாக உள்ளவர்கள் இன்னும் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளலாம். பால்மா டின் மூடி வீட்டில் கிடந்தால் அதை வைத்துச் சற்றுப் பெரிதாகக் கீறுங்கள். அந்த டின்னுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

தோலில் படும் பக்கத்துக்கு மிக மெதுவான துணி ஒன்று. நடுவில் பாலை இழுத்து வைத்திருக்கத் துவாய்த் துணியோ நெப்பித் துணியோ இரண்டு மூன்று அடுக்கு. வெளியே ஃபிளனல் துணி ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி ஓரத்தைச் சுற்றித் தையல் போடுங்கள். தட்டையாக விட்டால் சட்டைக்கு வெளியே வட்டமாகத் தெரியும், மடங்கவும் செய்யும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி ஒரு சின்ன முக்கோணத் துண்டு வெட்டி எடுத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்தால் துணி கிண்ணம் போலக் குழிந்து மார்பில் உட்காரும். வெட்டு நடு வரைக்கும் போகக் கூடாது. நடுவில் காம்பு படும் இடத்தில் தையலோ முடிச்சோ இருந்தால் உராய்ந்து புண்ணாகும்.

எத்தனை சோடி? மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் இருப்பவர்கள் எட்டுச் சோடியாவது வைத்திருங்கள். தென்மேல் பருவ மழைக்காலத்தில் ஒரு துணி காய இரண்டு நாள் எடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பதுளைப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்த காற்று வீசுவதால் ஐந்து ஆறு சோடியில் சமாளிக்கலாம்.

மலைக்குப் போகும்போது

வீட்டில் ஒரு சோடியைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். இன்னும் இரண்டு சோடியைச் சுத்தமான துணிப் பையில் வைத்துச் சாப்பாட்டுப் பையோடு கொண்டு போங்கள். கொழுந்துக் கூடைக்குள் போட வேண்டாம். நனைந்ததைப் போட்டுவர ஒரு சொப்பிங் பேக் போதும். துணி ஈரமானதும் மாற்ற வேண்டும். அடுத்த நிறுவை வரட்டும், வேலை முடியட்டும் என்று இருக்காதீர்கள். மாற்றுமுன் கையைக் கழுவுங்கள். கொழுந்துக் கறையும், செடியில் அடித்த மருந்தும் விரலில் இருக்கும். மருந்து அடித்த மலையில் வேலை செய்த நாளில் மேல் சட்டையையும் மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். மலைக்குப் போடும் சட்டையையும் படங்கையும் இந்தத் துணிகளோடு சேர்த்து வைக்கவோ துவைக்கவோ வேண்டாம்.

துணி விழுந்துவிடும் என்று பொடிசை இறுக்கமாகப் போடுகிற பழக்கம் நல்லதல்ல. இறுக்கம் பால் குழாயை அமத்தும். அமத்திய இடத்தில் பால் கட்டி, மேலே சொன்ன தாய்க்கு வந்தது போல வரும். துணியைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இருந்தால் போதும். பூப்போட்ட சட்டையில் ஈரம் அவ்வளவாகத் தெரியாது. வெளிர் நிற ஒற்றைக் கலர் சட்டையில்தான் வட்டமாகத் தெரியும். இதைத் தையல்காரரிடம் கேட்கத் தேவையில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.

நிறுவை வரிசையில் நிற்கும்போது பால் இறங்குவதுபோல ஒரு குறுகுறுப்பு வந்தால், கையைக் கட்டிக்கொள்வதுபோல இரண்டு முன்கையாலும் மார்பை நேராக உள்ளே அமத்திப் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். பார்ப்பவருக்குக் குளிருக்குக் கைகட்டி நிற்பதுபோல இருக்கும். ஆனால் இதை அவசரத்துக்கு மட்டும் செய்யுங்கள். நாள் முழுக்க அமத்தி அமத்தி நிறுத்தினால் பால் கட்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். துணி நனைந்துவிட்டது என்றால் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது, சில வேளை தாண்டியும் விட்டது என்று அர்த்தம். காய்ந்த துணியை மாற்றி வைத்துக்கொண்டு அந்தி வரை கொழுந்து எடுக்கலாம் என்று நினைத்தால் துணியே கெடுதல் செய்யும். மேலே சட்டை காய்ந்திருக்கும், உள்ளே மார்பு இறுகிக்கொண்டு போகும். சில நாள் இப்படி விட்டால் பாலும் குறையும்.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு 9 மணித்தியால வேலை நேரத்துக்குள் இரண்டு இடைவேளை உண்டு. தோட்டத்தில் பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையாமலும், இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் கொடுக்க வேண்டும். இது யாரும் தயவு பண்ணித் தருவதல்ல. 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் பேறுகால லீவு 84 நாள்தான் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். முன்பு மூன்றாவது பிள்ளையில் இருந்து குறைவாக இருந்தது. அதையே இன்னும் நினைத்துக்கொண்டு சீக்கிரம் மலைக்கு வந்துவிடுகிற தாய்மாரைப் பார்க்கிறேன்.

மடுவத்தில் இருந்து தூரத்து மலைக்கு வேலை கொடுத்தால், அன்று காலையிலேயே கங்காணி ஐயாவிடம் சொல்லுங்கள். "ஐயா, புள்ளைக்குப் பால் குடுக்க ரெண்டு தடவை எறங்கணும், கிட்ட மலையாக் குடுங்க" என்று கேட்பதில் தவறில்லை. கேட்டும் நடக்காவிட்டால் நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள், அதற்குத்தான் இருக்கிறோம்.

எப்படியும் இறங்க முடியாத நாள் வரும். அன்றைக்குக் காலையில் பிள்ளைக்கு நன்றாகக் குடிக்கக் கொடுத்த பிறகு, மிச்சப் பாலைச் சுத்தமான கையால் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய மூடியுள்ள கோப்பையில் மடுவத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். அறைச் சூட்டில் 4 மணித்தியாலம் வரை வைக்கலாம். போத்தலும் சூப்பியும் வேண்டாம். கோப்பையாலோ கரண்டியாலோ கொடுக்கப் பொறுப்பாளருக்குத் தெரியும். மலையில் மார்பு இறுகினால் ஒதுக்கமான இடத்தில் நின்று இலேசாகும் வரை துணியில் பீய்ச்சி விடலாம். அந்தப் பால் போனால் போகட்டும்.

துவைத்தலும் காய வைத்தலும்

நனைந்த துணியைப் பையிலேயே இரவு முழுக்கப் போட்டு வைத்தால் புளித்து நாறும். வீட்டுக்கு வந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்ததும் சுடுநீரில் போட்டால் பால் துணியில் படிந்து கறையாகிவிடும். அலசிய பிறகு சவர்க்காரம் போட்டுச் சுடுநீரில் துவைத்து, சவர்க்காரம் முழுக்கப் போகும் வரை அலசுங்கள். கஞ்சி போடக் கூடாது. வாசனைக்காகத் துணிக்குப் போடும் திரவமும் வேண்டாம், அதைப் போட்டால் துணி ஈரத்தை இழுக்காது.

வெயில் இருந்தால் வெளியே கொடியில் காயப் போடுங்கள். இங்கே ஒரு சிக்கல். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று சேலைக்கு அடியில் ஒளித்துக் காயப் போடுகிறோம். அப்படிக் காய்ந்தது பாதி ஈரமாகவே இருக்கும். பிள்ளையின் நெப்பி காயும் கொடியில் இதுவும் காயட்டும். வெயில் இல்லாத நாளில் அடுப்புக்கு மேலே கட்டினால் புகை ஏறும். முடிந்தவரை கையால் பிழிந்து, துவாயில் சுருட்டி அமத்தி, பிறகு அயன் பெட்டியால் இரண்டு பக்கமும் தேய்த்தால் காய்ந்துவிடும். ஆண்களுக்கு வேலை இருக்கிறது என்றேனே, இதுதான். மலையில் இருந்து வந்த தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் இந்த எட்டுத் துண்டையும் அலசிப் போட அப்பாவால் முடியும். அப்பாயியைக் கேட்கலாம் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம்.

வருத்தம் வந்தால்

துணி காய்ந்து காம்பில் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் விட்டு ஊறிய பிறகு மெல்ல எடுங்கள். காம்பில் சவர்க்காரம் தேய்க்க வேண்டாம், தோல் வறண்டு வெடிக்கும். பால் கொடுத்த பிறகு இரண்டு சொட்டுப் பாலையே காம்பில் தடவிக் காற்றில் சற்றுக் காய விட்டு, அதன் பிறகு துணியை வையுங்கள். காம்பு திரும்பத் திரும்பப் புண்ணாகிறது என்றால் துணியில் குற்றம் தேடுமுன் பிள்ளை வாய் வைக்கும் விதத்தைக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். காம்பை மட்டும் கடித்துக் குடிக்கிற பிள்ளைதான் புண்ணாக்கும். காம்பைச் சுற்றியுள்ள கறுத்த பகுதியும் வாய்க்குள் போக வேண்டும்.

காம்பு சிவந்து எரிகிறது, பால் கொடுத்த பிறகும் உள்ளே குத்துகிறது, பிள்ளையின் நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் துடைத்தாலும் போகாத வெள்ளை படிந்திருக்கிறது என்றால் அது பூஞ்சணத் தொற்றாக இருக்கலாம். ஈரத் துணியை மாற்றாமல் வைத்திருந்தால் இது வளர வசதி. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றாக மருந்து செய்ய வேண்டும். ஒருவருக்கு மட்டும் செய்தால் மற்றவரிடம் இருந்து திரும்ப வரும். மருந்து முடியும் வரை துணிகளைத் தினமும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள். எறிகிற பேட் என்றால் ஒவ்வொரு தடவை பால் கொடுத்ததும் மாற்றுங்கள்.

மார்பில் ஓர் இடம் சிவந்து, சூடாகி, கட்டியாக நொந்து, குளிர் காய்ச்சலும் வந்தால் அன்றே டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் சீழ் கட்டும். அந்தப் பக்கத்துப் பாலைக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது, பால் வெளியே வருவதுதான் கட்டி குறைய வழி. அந்த நாட்களில் இறுக்கிக் கட்டுவது அறவே கூடாது.

இந்த மாதக் கிளினிக் நாளில் தைத்து முடித்த மாதிரித் துணி இரண்டு சோடி பிள்ளை மடுவத்தில் வைத்திருப்போம். கையில் எடுத்துப் பார்க்கலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் ஏழாவது எட்டாவது மாதத்திலேயே தைத்து வைத்தால் நல்லது, பிள்ளை பிறந்த பிறகு ஊசி பிடிக்க நேரம் கிடைக்காது. வரும்போது துவைத்த பழைய பருத்தித் துணியும் ஒரு துண்டு துவாயும் கொண்டு வாருங்கள். ஊசி, நூல், கத்தரிக்கோல் எங்களிடம் இருக்கிறது.